அமைதியான கடற்கரையை நீர்வண்ணத்தில் தீட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கின் வடகரையில் உள்ள பத்து பிரிங்கி கடற்கரையில் காலை வேளையில் வாட்டர் கலர் பெட்டியோடு உட்காரும் புதியவர்களைப் பார்க்கிறேன். தொடக்கத்தில் என் கையில் வந்த தவறுகளே அவர்களுக்கும் வருகின்றன. தூரிகையைக் கழுவாதது, அழுக்குத் தண்ணீர் போன்றவற்றைத் தாங்களாகவே திருத்திக்கொள்வார்கள். மற்றதைச் சொல்கிறேன்.

பாதி காய்ந்த தாளில் கை வைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. பஞ்சில் செய்த, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள் என்ன மலிவான பொருளா? வானத்தை அழகாகப் பூசி முடித்திருப்பார்கள். கொஞ்ச நேரம் பொறுக்காமல், மூலையில் இன்னும் சிறிது நீலம் வேண்டுமென்று ஈரத் தூரிகையை வைப்பார்கள். புதுத் தண்ணீர், படிந்துகொண்டிருந்த நிறத்தை வெளியே தள்ளிவிடும். நடுவானத்தில் காலிபிளவர் மாதிரி ஒரு கறை விழும்.

அண்மையில் தஞ்சோங் பூங்கா கரையில் ஒரு தம்பி அந்தக் கறையை டிஷ்யூவால் தேய்த்துத் தேய்த்துத் தாளின் மேல்பரப்பையே உரித்துவிட்டான். "அண்ணே, இன்னும் ஒரு தடவை தேய்க்கட்டா?" என்று வேறு கேட்டான். "போதும் தம்பி, தொடாதே" என்றேன். அதற்குள் தாள் போய்விட்டது.

பினாங்குக் காற்றில் ஈரம் அதிகம். குளிர்நாட்டு வீடியோவில் சட்டென்று காயும் பூச்சு, இங்கே காலையில் நெடுநேரம் காயாது. கடிகாரத்தை விட்டுவிட்டுத் தாளைச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் பளபளத்தால் இன்னும் நிறம் சேர்க்கலாம். பளபளப்பு போய், புறங்கைக்குத் தாள் சில்லென்று பட்டால் தொடவே கூடாது. அந்தச் சில்லிப்பும் போன பிறகே அடுத்த பூச்சு. சும்மா இருக்க முடியாதவர்கள் இன்னொரு தாளில் படகு வரைந்து பழகலாம்.

மாலத்தீவு நீலம்

கடல் என்றாலே மாலத்தீவுப் படங்களில் வரும் பளிச்சென்ற நீலத்தைப் பூசிவிடுகிறார்கள். நம் வடகரைக் கடல் பெரும்பாலும் சாம்பல் கலந்த பச்சை. கண்ணால் பார்த்து நிறம் கலக்குங்கள்.

வெள்ளை ட்யூப்

நுரைக்கு வெள்ளை வண்ணம் பூசாமல் தாளின் வெள்ளையை விட்டுவையுங்கள்.

எல்லாவற்றையும் கலங்கலாக்குவது

கணநேர ஒளியைப் பிடிக்கும் இம்ப்ரெஷனிசம் என்ற ஓவியப் பாணி என்றால் எல்லாம் மங்கலாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே 1872 என்று தேதியிட்ட லெ ஹாவ்ர் துறைமுகச் சூரியோதய ஓவியத்தைப் பாருங்கள். அது எண்ணெய் வண்ணம்தான், பாடம் நமக்கும் பொருந்தும். படத்தைக் கறுப்பு-வெள்ளையாக்கினால் ஆரஞ்சுச் சூரியன் வானத்தோடு ஏறக்குறைய கலந்துவிடும்; அவ்வளவு நெருக்கமான வெளிச்சம், நிறம்தான் வேறு. முன்னால் நிற்கும் படகு மட்டும் கருமையாகத் தெரியும். ஆளில்லாத கடற்கரைக்கும் அப்படி ஓர் அழுத்தம் வேண்டும்: ஈர மணலில் நிற்கும் படகின் அடிவிளிம்பு போதும். அதைக் காய்ந்த தாளில் ஒரே இழுப்பில் வையுங்கள்.

கறுப்பு நிழல்

வேண்டாம். சவுக்கு மர நிழலுக்கு அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்து, நீலத்தைச் சற்றுத் தூக்கலாக வையுங்கள்.