பஞ்சி என்று நினைத்துவிடாதீர்கள்

கிளிநொச்சியில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை செய்கிறேன். கல்யாணக் கார்ட், திருவிழா நோட்டீஸ், அந்தியேட்டிச் சடங்குக்குக் 'கல்வெட்டு' என்கிற, இறந்தவரின் நினைவுப் புத்தகம் எல்லாம் வடிவமைப்பேன், கல்வெட்டுக்குப் பாட்டும் நானே எழுதுவேன், இரவில் சொந்தமாகக் கதையும். போன வருசம் ஒருநாள், ஒரு அம்மாவின் படத்துக்குக் கீழே ஒரு வரியும் வராமல் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு, அதற்கு முந்தின கிழமை வேறொருவருக்கு எழுதிய பாட்டை எடுத்துப் பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றி ஒட்டினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கும் ஒன்றும் உறுத்தவில்லை. பிறகு பயம் வந்ததே அதை நினைத்துத்தான்.

அதற்குப் பஞ்சி, அதாவது சோம்பல், என்று பெயர் வைத்ததுதான் நான் செய்த முதல் பிழை. பஞ்சிக்காரனுக்கு வேலை மட்டும்தான் பிடிக்காது, கிரிக்கெட் என்றால் எழும்பி இருப்பான். எனக்கோ பிடித்த கதைப் புத்தகத்தைத் திறக்கவே மனம் வரவில்லை. இது வேலைக் களைப்பு, ஆங்கிலத்தில் burnout என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இந்த நிலையை விளக்கியபோது மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையில் மனம் ஒட்டாமல் வெறுத்துப்போவது, எதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்ற நினைப்பு. தீராத வேலை அழுத்தத்தால் வருவது, நோய் அல்ல என்றும் சொன்னது. பெயரை மாற்றி ஒட்டினேனே, அது அந்த இரண்டாவது.

பஞ்சி என்று நினைத்தால் அடுத்த பிழை தானாக வரும்: இன்னும் இறுக்கி வேலை செய்வது. நானும் விடிய நாலு மணிக்கு அலாரம் வைத்தேன். நாலு நாள் ஓடியது.

ஓசி வேலைக்கு எல்லாம் தலையாட்டுவது இன்னொன்று. 'ரெண்டு வரிதானே தம்பி, எழுதித் தாவன்' என்று கேட்பவர் ஊர்ச்சனம், எப்படி மறுப்பது? 1974-இல் இந்தக் களைப்பைப் பற்றி எழுதிய உளவியலாளர் ஃபிராய்டன்பெர்கர், நியூயோர்க்கில் ஒரு இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டாக வேலை செய்து, தானே களைத்து விழுந்தவர். மற்றவர்களைவிட ஈடுபாட்டோடு செய்தவர்கள்தான் முதலில் விழுந்தார்கள் என்பதையும் அங்கேதான் கண்டார். எங்கள் இரணைமடுக் குளத்தில் சிறுபோக நெல் விதைக்க முன்னம் கூட்டம் வைத்து, குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துத்தானே எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். நான் தண்ணீரைப் பார்க்காமலே முழு வயலையும் விதைத்துக்கொண்டிருந்தேன்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு படுத்துக்கிடப்பதை ஓய்வு என்று கணக்குப் பண்ணாதீர்கள். மற்றவன் எழுதியதையும் வரைந்ததையும் பார்த்துப் பார்த்து இன்னும் நொந்துபோவதுதான் மிச்சம். எனக்கு உதவியது பக்கத்து வீட்டு அண்ணைக்கு வேலி அடைக்க மட்டை எடுத்துக் கொடுத்தது. அதில் நல்லது கெட்டது என்று விமர்சிக்க ஒன்றும் இல்லை.

களைத்திருக்கும்போது கமராவை விற்பது, இனி எழுதமாட்டேன் என்று ஊருக்கு அறிவிப்பது, இதெல்லாம் வேண்டாம். ஒரு மாதம் பொறுங்கள்.

அப்புறம் ஒன்று, இதைக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நோட்டீஸ் வேலையும், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18-உம் ஏறக்குறைய ஒரே காலத்தில் வரும். 'இந்த முறை கவிதை இல்லையோ?' என்று வருசா வருசம் கேட்பார்கள். அந்த நாட்களில் நெஞ்சில் ஏறுகிற பாரத்தை வேலைக் களைப்பு என்று எழுதிவைத்தால் பிழையாகிப்போகும், ஏனென்றால் லீவு எடுத்தால் அது போகாது. நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்தென்ன என்ற நினைப்பு வருகிறது என்றால் தனியே சமாளிக்கப் பார்க்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள்.

இப்போது பாட்டு வேண்டும் என்று வருபவர்களிடம் ஒரு கிழமை செல்லும் என்கிறேன். முதன்முதல் அப்படிச் சொன்னபோது நெஞ்சு படபடத்தது. வந்த ஐயா சைக்கிளைத் திருப்பிக்கொண்டே, 'சரி, அப்ப திங்கள் வாறன்' என்றார்.