ஆய்வகம் கட்டுகிறீர்களா? முதலில் காற்று போகும் வழியை வரையுங்கள்

கல்லூரிக்கு வேதியியல் ஆய்வகம் கட்டுவது என்றாலே மேசை எத்தனை, ஒரு பேட்ச்சுக்கு எத்தனை பேர் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அதற்கும் முன்னால், காற்று எங்கே உள்ளே வந்து எங்கே வெளியேறும் என்று ஒரு தாளில் வரைந்துவிடுங்கள், ஏனென்றால் கட்டி முடித்த பிறகு மேசையை நகர்த்தலாம், புகையை வெளியே கொண்டுபோகும் குழாயான டக்ட் போக வழி கிடைக்காது.

ஃபியூம் ஹூட் என்பது சோதனையில் எழும் புகையை உறிஞ்சி டக்ட் வழியாக வெளியேற்றும், முன்பக்கம் திறந்த பெட்டி. அதன் வாயில் காற்று நொடிக்கு சுமார் அரை மீட்டர் வேகத்தில்தான் உள்ளே போகும். மெல்லிய இழுப்புதான் அது. தலைக்கு மேலே சீலிங் ஃபேன் சுற்றினாலோ, குறுக்கே ஒருவர் விறுவிறுவென்று நடந்தாலோ புகை முகத்துக்கே திரும்பும். அதனால் ஹூட்டை வாசலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அறையின் உள்கோடிக்குக் கொண்டுபோங்கள். போகிற காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். மெல்லிய டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஹூட் வாயில் பிடித்தால் அது உள்பக்கம் சாய வேண்டும், தொங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ தப்பு.

டக்ட் மொட்டை மாடியையும் தாண்டி குறைந்தது 3 மீட்டர் உயர வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அதை ஜன்னலோடு நிறுத்திவிட்டார்கள். சால்ட் அனாலிசிஸ், அதாவது ஓர் உப்பில் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சோதனை, நடக்கும் நாளெல்லாம் மேல்மாடி வகுப்பில் அழுகிய முட்டை நாற்றம். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, வெறும் நாற்றம் இல்லை, விஷம்.

அப்புறம் மேசைக்கல். விலை குறைவு என்று கடப்பா கல்லைப் போடாதீர்கள். அது சுண்ணாம்புக்கல், ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விழுந்தால் நுரைக்கும், பளபளப்பு போய் அந்த இடம் சொரசொரப்பாகும். சந்தேகம் இருந்தால் கடையிலேயே ஓர் ஓரத்தில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். கறுப்பு கிரானைட் தாங்கும்.

பைப்பைச் சுவருக்குள் புதைத்துப் பூச வேண்டாம். கலிஃபோர்னியாவில் லூயி கான் வடிவமைத்து 1965-ல் முடிந்த சால்க் நிறுவனக் கட்டடத்தில் ஒவ்வொரு ஆய்வகத் தளத்துக்கும் மேலே பைப்புக்கும் டக்டுக்கும் என்றே ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்கு ஒரு தளம் இருக்கிறது, ஆய்வு நிற்காமலே பழுது பார்க்கலாம். நமக்கு அவ்வளவு முடியாது, சரி, மேசைகளுக்குப் பின்னால் ஒரு பிளம்பர் நுழையும் அளவுக்காவது சந்து விடுங்கள்.

கண் கழுவும் குழாய் எந்த மேசையிலிருந்தும் 10 நொடியில் எட்டும்படி இருக்க வேண்டும், வழியில் பூட்டுகிற கதவு கூடாது. அமிலம் பட்ட கண்ணை 15 நிமிடமாவது விடாமல் கழுவ வேண்டும். அந்தக் குழாயை மாடி டேங்கில் இணைத்தால் மே மாத மத்தியானம் கொதிக்கும் தண்ணீர்தான் வரும், அந்தத் தண்ணீரில் ஒரு பிள்ளை எப்படிக் கண் திறந்து நிற்கும்? நிழலில் தனியாக ஒரு டேங்க் வைத்து அதிலிருந்து இணைப்புக் கொடுங்கள்.