ஊதா டியூப் ரத்தத்தை மஞ்சள் டியூபில் ஊற்றாதீர்கள்

பொட்டாசியம் 9, கால்சியம் 3 என்று உயிருக்கே ஆபத்தான ரிசல்ட் வருகிறது, ஆனால் நோயாளியோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார் என்றால், மிஷினைத் திட்டுவதற்கு முன்னால் டியூபைச் சந்தேகப்படுங்கள். மஞ்சள் மூடி டியூபில் ரத்தம் போதவில்லையே என்று யாரோ ஊதா மூடி டியூபிலிருந்து கொஞ்சம் ஊற்றியிருப்பார்கள். ஊதா டியூபின் உள்ளே இருப்பது பொட்டாசியம் ஈடிடிஏ. அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் ரத்தம் உறையாமல் இருக்கிறது, அதைக் கொண்டுபோய் இன்னொரு டியூபில் ஊற்றினால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும், கூடவே அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியின் அளவும் குறையும். கொஞ்சமாகக் கலந்தால் இன்னும் மோசம். 9 வந்தால் யாரும் நம்பமாட்டார்கள், 6.2 வந்தால் நம்பி வைத்தியம் ஆரம்பித்துவிடுவார்கள்.

ரத்தம் எடுக்கும்போது வரிசை பார்ப்பதும் இதற்காகத்தான்: கல்ச்சர் பாட்டில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது) இருந்தால் முதலில் அது, பிறகு நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல்.

நீல டியூபைப் பாதியில் நிறுத்தாதீர்கள். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் (அதில் உள்ள, ரத்தம் உறையாமல் தடுக்கும் திரவம்) என்பது கணக்கு, ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சி, ரத்தம் உறையும் நேரம் பொய்யாக நீண்டு காட்டும். மெல்லிய குழாய் இணைத்த பட்டர்ஃப்ளை ஊசி என்றால் குழாயில் இருக்கும் காற்று முதல் டியூபுக்குள் போய் ரத்தம் குறைந்துவிடும், அதற்கு முதலில் ஒரு டியூபில் எடுத்து அதைத் தியாகம் செய்யத்தான் வேண்டும்.

சர்க்கரைக்குச் சாம்பல் மூடி. சாதா டியூபில் எடுத்து, சென்ட்ரிஃபியூஜ் மிஷினில் சுற்றிப் பிரிக்காமல் மேசையில் விட்டால் ரத்த அணுக்களே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும். சாம்பல் டியூபில் உள்ள, இதைத் தடுக்கும் ஃப்ளோரைடும் முழுசாக வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், அதனால் அதிலும் மெத்தனம் வேண்டாம்.

அப்புறம், இருமல் மருந்து பாட்டில் மாதிரி குலுக்குவது! சிவப்பணு உடைந்தால் அங்கேயும் பொட்டாசியம் ஏறும். மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், ஊதாவை 8 முதல் 10 தடவை, நீலத்தை 3, 4 தடவை போதும்.

எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்கு ஈடிடிஏ பட்டதும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மிஷின் குறைவாக எண்ணும். டெங்கு சீசனில் இப்படி ஒரு எண் வந்தால் வீடே கலங்கிப்போகும். ஸ்லைடு போட்டுப் பாருங்கள், கட்டி கட்டியாகத் தெரிந்தால் நீல டியூபில் மறுபடி எடுத்து, சிட்ரேட் கலந்து ரத்தம் நீர்த்திருப்பதால் வரும் எண்ணை 1.1ஆல் பெருக்குங்கள்.