பாடசாலைக் கலாசாரத்தை அளக்கும்போது வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முல்லைத்தீவு மாவட்டத்துப் பாடசாலை ஒன்றுக்கு அதன் கலாசாரத்தை அளக்க நான் முதன்முதலாக வினாக்கொத்துக் கொண்டுபோன அன்று, ஒரு ரீச்சர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சேர், இது எங்க போகும்?” என்று கேட்டார். வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது ஒரு பதிவு, முகாமில் ஒரு பதிவு, மீள்குடியேறியபோது இன்னொன்று. பிறகு நிவாரண அட்டை, வீட்டுத்திட்டத்துக்குப் புள்ளி. படிவத்தில் போட்ட ஒரு சின்னக் கோடு ஒரு குடும்பத்துக்கு ஏதோ ஒன்றைத் தந்திருக்கிறது, அல்லது இல்லாமற் செய்திருக்கிறது. அப்படிப்பட்டவர் கையில் ஒரு தாளைக் கொடுத்தால், உண்மை எது என்று யோசிக்குமுன் எதைப் போட்டால் பாதுகாப்பு என்றுதான் யோசிப்பார். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த விடைகளைக் கூட்டி, “இப்பாடசாலையில் ஆசிரியரிடையே நம்பிக்கை உயர் மட்டத்தில் உள்ளது” என்று அறிக்கை எழுதுவது பெருந்தவறு. நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

அதிபரிடம் தாள்களைக் கொடுத்து, அவரே பகிர்ந்து அவரே சேர்த்துத் தரட்டும் என்று விடுவது அதனோடு ஒட்டிய தவறு. பதினான்கு ஆசிரியர் உள்ள பாடசாலையில் பெயர் கேட்காமல் விட்டால் மட்டும் போதாது. பால், பாடம், சேவைக்காலம் மூன்றையும் கேட்டால் அந்த ஒரேயொரு ஆண் விஞ்ஞான ஆசிரியர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இப்போது நான் அந்தப் பகுதியையே வெட்டிவிடுகிறேன். கையெழுத்துத் தெரியாமல் அடையாளம் மட்டும் போட வைத்து, பூட்டிய பெட்டியில் நானே சேர்க்கிறேன். ஐந்து பேருக்குக் குறைந்த எந்தக் குழுவின் விடையையும் தனியாகப் பிரித்துக் காட்டுவதில்லை.

அளப்பது எதை என்று தெளிவில்லாமல் தொடங்குவதும் அடிக்கடி நடக்கிறது. ஹால்பின், குரொஃப்ட் என்ற ஆய்வாளர்கள் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆரம்பப் பாடசாலைகளில் அளந்தது பாடசாலையின் சூழலை, அதாவது அங்கே வேலை செய்கிறவர்கள் அந்த இடத்தை எப்படி உணர்கிறார்கள் என்பதை. கலாசாரம் அதற்குக் கீழே இருப்பது. புதிய அதிபர் வந்து மூன்று மாதத்தில் ஆசிரியர் ஓய்வறையில் சிரிப்புச் சத்தம் கேட்கத் தொடங்கினால் சூழல் மாறியிருக்கிறது. மூன்று அதிபர்கள் மாறியும் எது அப்படியே தொடர்கிறது என்று கேட்டுப் பாருங்கள், கலாசாரம் அங்கே தட்டுப்படும்.

நிறுவன உளவியல் அறிஞர் எட்கார் ஷைன் 1985இல் நிறுவனக் கலாசாரத்தை மூன்று அடுக்காகப் பிரித்துக் காட்டினார்: கண்ணுக்குத் தெரிபவை, வாயாற் சொல்லப்படும் விழுமியங்கள், யாரும் சொல்லாமலே எல்லோரும் ஏற்றுக்கொண்ட எண்ணங்கள். எங்கள் பக்கத்தில் வரும் ஆய்வுகள் பெரும்பாலும் முதலிரண்டோடு நின்றுவிடுகின்றன. சுவரில் எழுதிய தூரநோக்கு, ஒழுங்கான காலை ஒன்றுகூடல், “நாங்கள் எல்லாப் பிள்ளையளையும் சமமாப் பாக்கிறம்” என்ற பேச்சு. மூன்றாவது அடுக்கைக் காண வேண்டுமானால் நேரசூசியைக் கேட்டு வாங்குங்கள். அனுபவமுள்ள கணித ஆசிரியருக்கு எந்தப் பிரிவு கிடைத்திருக்கிறது, நேற்று நியமனம் பெற்று வந்தவருக்கு எந்தப் பிரிவு? படிப்பில் பிந்திய பிள்ளைகளின் பிரிவுக்கு எப்போதும் புதியவர்தான் என்றால், “இந்தப் பிள்ளையளுக்கு ஏறாது” என்ற எண்ணம் அங்கே இருக்கக்கூடும். வினாக்கொத்தில் அதை யாரும் எழுத மாட்டார்கள்.

கம்பனிகளுக்கென்று செய்த அளவுகோலை அப்படியே கொண்டுவருவது இன்னொரு தவறு. கமரூன், குயின் என்ற நிர்வாகவியல் ஆய்வாளர்கள் நிறுவனங்களின் கலாசாரத்தை அளக்க உருவாக்கிய கருவி பெயர்பெற்றது. குடும்பம் போன்றது, புதுமை நாடுவது, சந்தைப் போட்டி சார்ந்தது, படிநிலை சார்ந்தது என்ற நான்கு வகைக்கும் நூறு புள்ளியைப் பங்கிடச் சொல்லும். இங்கே ஆசிரியர் நியமனமும் இடமாற்றமும் பாடத்திட்டமும் பாடசாலைக்கு வெளியே தீர்மானிக்கப்படுகின்றன. ஆகவே படிநிலைக்குக் கூடுதலான புள்ளி விழுந்தால், அது அந்தப் பாடசாலையின் குணமா, முழுக் கல்வி நிர்வாகத்தின் அமைப்பா என்று பிரித்தறிய முடியாது. பாடசாலை தானே முடிவெடுக்கக்கூடியவற்றைப் பற்றி மட்டும் கேட்பதே நல்லது. மொழியிலும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் மொழிபெயர்த்த வினாக்களில் வரும் ‘தலைமையாசிரியர்’ என்ற சொல்லை ‘அதிபர்’ என்று மாற்றாமலே கொடுத்த தாள்களைக் கண்டிருக்கிறேன்.

பஸ்ஸைக் கலாசாரமாக எழுதிவிடும் தவறைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. ஒன்றரைக்கு மணி அடித்ததும் ஆசிரியர்கள் பையோடு ஓடுகிறார்கள், ஆகவே அர்ப்பணிப்பு இல்லை என்று ஓர் அறிக்கை சொன்னது. அவர்களிற் பலர் விடியற்காலை யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் வருகிறவர்கள். அந்த பஸ்ஸை விட்டால் உள்வீதிச் சந்தியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமென்று எழுதியவருக்குத் தெரியாது. அந்த ஆசிரியர்கள் பாடவேளைக்குள் என்ன செய்கிறார்கள், வராதவரின் வகுப்பை யார் கேட்காமலே போய்ப் பார்க்கிறார்கள் என்று கவனித்திருந்தால் வேறு கதை கிடைத்திருக்கும்.

சராசரியும் ஏமாற்றும். ஒரு வினாவுக்கு 1 முதல் 5 வரை புள்ளி போடச் சொல்லி, பன்னிரண்டு பேரில் ஆறு பேர் 5 என்றும் ஆறு பேர் 1 என்றும் போட்டால் சராசரி 3 வரும், ‘நடுத்தரம்’ என்று எழுதுவார்கள். அங்கே நடுத்தரமாக ஒருவர்கூட இல்லை, இரண்டு அணிகள் இருக்கின்றன. உள்ளூரில் இருப்பவர்களும் தூரத்திலிருந்து வருகிறவர்களும் பிரிந்து நிற்கிறார்களா என்று விசாரிக்க வேண்டிய இடம் அது. சராசரிக்குப் பக்கத்தில் விடைகளின் பரவலையும் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் யுத்தத்தைக் காரணம் காட்டுவதும் சரியல்ல. 2009இல் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களுக்குள் இருந்தே பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினார்கள். அந்த அனுபவத்தை மல்லாவியில் ஒரு பாடசாலை ஒரு விதமாகவும் புதுக்குடியிருப்பில் இன்னொன்று வேறு விதமாகவும் சுமக்கலாம். ‘யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பாடசாலைகள்’ என்று ஒரே பெட்டிக்குள் போட்டால் அந்த வேறுபாடு தொலைந்துவிடும்.

ஆசிரியரை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். காவலாளி, தொண்டர் ஆசிரியர், மாணவர், பெற்றோர் எல்லோரும் அந்தப் பாடசாலையை அறிந்தவர்கள். நேரடியாகக் கேட்பதைவிட ஒரு சம்பவத்தைச் சொல்லிக் கேளுங்கள்: “ஒரு பிள்ளை சப்பாத்து இல்லாமல் வந்தால் இங்க யார் என்ன செய்வினம்?” ஒரு காலை முழுக்க வாசலுக்குப் பக்கத்தில் இருந்து பாருங்கள். பிள்ளையின் விடயமாக வரும் தாயை யாராவது இருக்கச் சொல்கிறார்களா, எவ்வளவு நேரம் நிற்க விடுகிறார்கள்? விதைப்பும் அறுப்பும் நடக்கும் கிழமைகளில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்களை எண்ணி, ஆர்வமில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

முடிவைத் திருப்பிக் கொடுக்காமல் போவதுதான் எங்கள் ஆசிரியரை மிகவும் நோகச் செய்வது. “வருவினம், எழுதுவினம், போவினம்” என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கும். அதே தவணைக்குள், இடமாற்றக் கடிதங்கள் வருமுன், ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். நான் அப்படித் திரும்பிப் போன ஒரு பாடசாலையில் இரண்டு விடயங்களை மட்டும் வாசித்தேன். அதில் ஒன்று, வாசலில் தாய்மார் நின்றுகொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு கடைசி வாங்கில் இருந்த ஒருவர், தாங்கள் நிற்க விட்ட நாட்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். வினாக்கொத்தில் கிடைக்காதது முழுவதும் அந்த முக்கால் மணித்தியாலத்தில் கிடைத்தது.