விரல் சூப்பும் பிள்ளைக்கு வேப்பெண்ணெய் தடவாதீர்கள்

எங்கள் தருமபுரி பக்கத்தில் விரல் சூப்பும் பிள்ளைகளுக்கு இன்னும் சிலர் வேப்பெண்ணெய் தடவுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சிறு குழந்தையின் வயிற்றுக்குள் போனால் வாந்தி, வலிப்பு வரை கொண்டுபோய்விடும். மிளகாய்த்தூளும் கூடாது, அதே கையால்தான் கண்ணைக் கசக்கும்.

பெரும்பாலான பிள்ளைகள் 2 முதல் 4 வயதுக்குள் தாமாகவே விட்டுவிடுவார்கள். அதற்கு மேலும் தொடர்ந்தால் மேல் முன்பற்கள் வெளியே தள்ளும். 6 வயது வாக்கில் நிலைப்பற்கள் முளைக்கும். அதற்குள் நின்றுவிட வேண்டும்.

முதலில், விரல் எப்போது வாய்க்குப் போகிறது என்று நாலு நாள் கவனியுங்கள். என் மகளுக்குத் தூக்கம் வரும்போதும், சும்மா இருக்கும்போதும்தான். அம்மா களி கிண்டும் நேரத்தில் பிசைந்த கேழ்வரகு மாவைக் கொஞ்சம் அவள் கையில் கொடுத்துவிடுவார். உருட்டுவாள், தட்டுவாள், விரல் ஞாபகமே வராது. படுக்கும்போது என் பழைய சேலைத் துணியில் தைத்த பொம்மை. திட்டவே இல்லை. சூப்பாத நாளுக்குக் காலண்டரில் அவளே ஒரு பூ வரைவாள். அந்தப் பூவுக்காகவே கையை இறக்கிக்கொள்வாள், பாவம்!

ரப்பர் சூப்பான் என்றால் பகலில் முதலில் நிறுத்துங்கள், அப்புறம் இரவில். நீண்ட நாள் சூப்பினால் காதில் சீழ் பிடிக்கவும் வாய்ப்பு அதிகம். தேன், சர்க்கரை தொட்டுக் கொடுக்காதீர்கள். கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டவே கூடாது.

4 வயது தாண்டியும் விடவில்லையென்றால் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.