ஏர் சஸ்பென்ஷன் படுத்துவிட்டால் கையால் காற்றடிக்க ஒரு வழி

1994-ல் வந்த பி38 மாடல் ரேஞ்ச் ரோவர் வைத்திருப்பவர்களுக்கு: இந்த வண்டியை நான்கு சக்கரத்திலும் காற்று நிரப்பிய ரப்பர் ஸ்பிரிங்குகள் (ஏர் ஸ்பிரிங்) தாங்குகின்றன. காற்றடிக்கும் கம்ப்ரஸரோ அதைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரோ மக்கர் செய்தால் வண்டி அப்படியே தரையைப் பார்த்து உட்கார்ந்துவிடும். அதற்கு மலிவான முன்னேற்பாடு, நான்கு டி (T வடிவ, மூன்று முனை) குழாய் இணைப்புகளும் டயரில் இருக்கும் அதே வகை நான்கு வால்வுகளும்.

பானெட்டுக்கு அடியில் உள்ள, காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கிலிருந்து ஒவ்வொரு ஏர் ஸ்பிரிங்குக்கும் 6 மி.மீ. நைலான் குழாய் தனியாகப் போகிறது. முதலில் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, குழாயைக் கூரான பிளேடால் நேராக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் கசியும். டி-யைச் சொருகி, மூன்றாவது முனையில் வால்வை மாட்டுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே வால்வில் இணைத்துச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம். சாலை வளைவில் திரும்பும்போது காற்று எதிர்ப்பக்கம் ஓடி வண்டி சாயும்.

வால்வு பிளாக்கே கசிந்தால் அடித்த காற்று அந்த வழியாகவே போய்விடும். ஆகவே பிளாக் பக்கம் தேவைப்படும்போது மூடித் திறக்கும் ஒரு சின்ன அடைப்பு வால்வு வைப்பது நல்லது. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஸ்பிரிங் ரப்பரே கிழிந்திருந்தால் இது எதுவும் உதவாது, வேறு ஸ்பிரிங்தான் போட வேண்டும்.

காற்றடிக்கும் முன் சஸ்பென்ஷன் கம்ப்யூட்டருக்கு மின்சாரத்தைத் துண்டியுங்கள், இல்லையென்றால் நீங்கள் ஏற்றுவதை அது இறக்கும். டயர் பம்ப் போதும். அழுத்த மீட்டரைவிட, சக்கரத்துக்கு மேலே உள்ள பாடி வளைவின் உயரத்தை டேப்பால் அளந்து இருபுறமும் சமமாக்குங்கள். வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட் இல்லாமல் வண்டிக்கு அடியில் கையைக்கூட நுழைக்காதீர்கள். ஒர்க்‌ஷாப் வரை மெதுவாக ஓட்டுங்கள்.