ஆதரவில்லாத அளவீட்டு அட்டைக்குத் திறமூல இயக்கியைப் பொருத்துதல்

டர்பனுக்கு வடக்கே உள்ள ஒரு சர்க்கரை ஆலையின் ஆய்வகம் தன் கணினிகளை மாற்றியபோது கழித்துப்போட்ட, கணினிக்குள் செருகும் பி.சி.ஐ. அளவீட்டு அட்டை ஒன்று என் கைக்கு வந்தது. அதில் பதினாறு அனலாக் உள்ளீடுகள், 12 பிட் துல்லியம், இருபத்து நான்கு டிஜிட்டல் இணைப்புகள் இருந்தன. தயாரிப்பாளரின் மென்பொருள் பழைய விண்டோஸோடு நின்றுவிட்டது. லினக்ஸோ இந்த அட்டையை அறியவே இல்லை. சாட்ஸ்வொர்த்தில் உள்ள என் பட்டறையின் சிறு உலையை இதைக் கொண்டு அளக்க முடிந்தது என்றால், அதற்குக் காரணம் நான் புதிதாக எழுதிய நிரல் அன்று; ஏற்கெனவே இருந்த இயக்கிகளில் (வன்பொருளை இயக்கும் நிரல்களில்) இதன் உடன்பிறப்பைத் தேடிக் கண்டதுதான்.

இவ்வகை அட்டைகளுக்கென லினக்ஸில் உள்ள தொகுப்பின் பெயர் காமெடி. (பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், அது ஆங்கிலத் தொடர் ஒன்றின் சுருக்கம்.) 2009-இல் லினக்ஸின் மையமான கெர்னலின் சோதனைப் பகுதியில் நுழைந்த அது, 2021-இல் 5.13 பதிப்பில்தான் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றது. அங்குள்ள இயக்கிக் கோப்புகளே உங்களுடைய முதல் பாடநூல்.

தொடங்கும்போது அட்டையின் அடையாள எண்களை, செருகிய அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையால் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல அட்டைகளில் பி.சி.ஐ. பக்கத்தை ஒரு பாலச் சில்லுதான் கவனித்துக்கொள்கிறது என்பதால், முதலில் தெரியும் எண் அட்டைக்கு உரியதாக இல்லாமல் அந்தச் சில்லுக்கு உரியதாக இருக்கலாம். 10பி5 என்று வந்தால் அது பி.எல்.எக்ஸ். நிறுவனத்தின் எண், அட்டையைச் செய்தவர் யார் என்பது துணை எண்களில்தான் தெரியும். அடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துச் சில்லுகளின் மேல் பொறித்திருப்பதைப் படியுங்கள். 8255 இருந்தால் டிஜிட்டல் பகுதிக்கும், 8254 இருந்தால் நேரங்காட்டிக்கும் காமெடியில் ஆயத்தத் துணைநிரல்கள் உள்ளன. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அனலாக் மாற்றிச் சில்லின் பெயர் கிடைத்தால் அதன் தரவுத்தாளையும் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பாலமும் அதே சில்லுகளும் உள்ள அட்டையை ஆதரிக்கும் இயக்கியைக் கண்டதும், இயக்கிக்குப் புதிய அட்டையின் எண்களைச் சொல்வதற்கான நியூ ஐடி கோப்பில் உங்கள் எண்களை எழுதி, மறுதொகுப்பு இல்லாமலே இணைத்துப் பார்க்கலாம். ஆனால் இயக்கியின் அட்டவணையில் எந்த அட்டை என்று சொல்லும் கடைசிப் புலத்தை விட்டுவிட்டால் அது பூஜ்யமாகக் கொள்ளப்படும். பல காமெடி இயக்கிகளில் அந்த எண் அட்டவணையின் முதல் அட்டையைக் குறிப்பதால், தவறான அட்டையின் விவரங்களோடு இயக்கி ஓடத் தொடங்கிவிடும்.

இதைச் செய்வதற்கு முன் வெளிக் கம்பிகள் அனைத்தையும் கழற்றிவிடுங்கள். நான் கழற்றாமல், அறியாத ரெஜிஸ்டர் (அட்டைக்குள் உள்ள சிறு நினைவிடம்) ஒன்றில் ஒரு மதிப்பை எழுதிப் பார்த்தேன். ரிலேக்கள் படபடவென்று அடித்துக்கொண்டு, உலையின் விசிறி நின்றுவிட்டது. ரெஜிஸ்டர்களை முதலில் படிக்க மட்டுமே செய்யுங்கள்; அதிலும், படித்தாலே நிலை மாறிவிடும் ரெஜிஸ்டர்கள் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

என் அட்டைக்கு இயக்கியில் செய்ய வேண்டியிருந்த மாற்றம் சிறியது: அட்டைகளின் அட்டவணையில் ஒரு வரி, மின்னழுத்த வீச்சுகளின் பட்டியல், அனலாக் மதிப்பைப் படிக்கும் செயல்கூறில் (நிரலின் தனிப் பகுதியில்) ஒரு திருத்தம். அந்தச் செயல்கூறின் ஒழுங்கு எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். வழியையும் (எந்த உள்ளீடு என்பதையும்) பெருக்கத்தையும் தேர்ந்து, சுற்று நிலைபெறச் சில மைக்ரோநொடிகள் பொறுத்து, மாற்றத்தைத் தொடங்கி, முடிந்ததைக் காட்டும் பிட்டுக்குக் காத்திருந்து, பின் மதிப்பைப் படிக்க வேண்டும். காத்திருப்பை முடிவில்லாத வளையமாக எழுதினால் ஒரு பிட் தவறினாலும் கணினி உறைந்துவிடும். காமெடி டைம்அவுட் என்ற செயல்கூறு ஒரு நொடிக்குப் பின் கைவிடும், அதையே பயன்படுத்துங்கள். நடுவில் பொறுக்கும் நேரம் போதாவிட்டால் முந்தைய வழியின் மதிப்பு அடுத்த வழியில் நிழலாடும்.

எண்கள் வரத் தொடங்கிய பின்புதான் உண்மையான வேலை. ஒரு பேட்டரியை மல்டிமீட்டரால் அளந்து உள்ளீட்டில் கொடுங்கள். ±10 வோல்ட் வீச்சில் 12 பிட்டின் ஒரு படி 4.88 மில்லிவோல்ட், ஆகவே 1.50 வோல்ட்டுக்கு 2355-ஐ ஒட்டிய எண் வர வேண்டும். அதற்குப் பதில் 307-உம், பேட்டரியைத் திருப்பிப் போட்டால் 3789-உம் வந்தால், அட்டை, எதிர்ம எண்களைக் குறிக்கும் இரண்டின் நிரப்பு முறையில் எழுதுகிறது என்று பொருள். காமெடி எதிர்பார்ப்பது பூஜ்ய வோல்ட்டை நடுவில் வைக்கும் எண்ணை. மேல் பிட்டைத் திருப்பிப் போடும் ஆஃப்செட் மஞ்ச் என்ற செயல்கூறு இதற்கென்றே இருக்கிறது.

உலையின் வெப்பத்தை உணரும் கே வகைத் தெர்மோகப்பிள் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட்தான் தரும் என்பதால், அந்த வீச்சில் ஒரு படி நூறு பாகையைத் தாண்டிவிடும். பெருக்கத்தை நூறாக்கினால் ஒரு படி ஏறக்குறைய 1.2 பாகையாகிறது. அப்போதும் அளவு ஆடிக்கொண்டே இருந்தால் உடனே இயக்கியைக் குறை சொல்ல வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; இருபது மில்லிநொடிக்கு ஓர் அலையாக அது கம்பிகளில் கலந்துவிடும். நொடிக்கு ஆயிரம் அளவுகள் என்று எடுத்து, இருபது இருபதாகச் சராசரி பார்த்தால் அந்த ஆட்டத்தின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

அட்டையே கணினியை அழைக்கும் இன்டரப்ட், தரவை நேரே நினைவகத்துக்கு அனுப்பும் டி.எம்.ஏ. ஆகியவற்றை வேகம் உண்மையிலேயே தேவைப்படும் வரை தொடாதீர்கள். உலைக்கு அவை தேவையில்லை. தொகுத்த இயக்கி மாட்யூல் கெர்னலில் ஏற மறுத்தால், செக்யூர் பூட் அமைப்பு கையொப்பமில்லாததைத் தடுக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக ஓடினால் மாற்றத்தைக் கெர்னல் பராமரிப்பாளர்களுக்கு அனுப்பலாம். அட்டையின் துணை எண்களையும், எந்தப் பகுதிகளைச் சோதித்தீர்கள், எவற்றைச் சோதிக்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் அதில் எழுதுங்கள். நான் நேரங்காட்டியைச் சோதிக்கவில்லை, அதை எழுதியே அனுப்பினேன்.